'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போது இல்லை: ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எளிய விளக்கம்

ஆங்கிலம் அதிகம் படிக்காத தமிழருக்கும் 'ஜஸ்ட்' தெரியும். பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனால் ஜஸ்ட் மிஸ். பரீட்சையில் முப்பத்தைந்து மார்க் வாங்கினால் ஜஸ்ட் பாஸ். இந்த இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து இறங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே திணறிப் போகிறார்கள். கோயில் வேலைக்கு வரும் குருக்கள், சிற்பிகள், ஜோகன்னஸ்பர்க்கில் கம்ப்யூட்டர் வேலைக்கு வரும் இளைஞர்கள், அவர்களோடு வரும் மனைவி, மாமியார் என எல்லோருக்கும் இதே கதைதான். பிளம்பர் 'ஜஸ்ட் நவ்' வருகிறேன் என்கிறார், மத்தியானம் வரை ஆளைக் காணோம். செய்தித்தாளில் 'ஜஸ்ட் எனர்ஜி டிரான்சிஷன்' என்று தலைப்பு வருகிறது. 'வெறும் எனர்ஜி' என்று படித்தால் பொருள் கூடவில்லை.

இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களிடம் கேட்கலாம்தான். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையில் கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அன்று தொடங்கி வந்தவர்களின் கொள்ளுப்பேரர்களும் எள்ளுப்பேரர்களும் இன்று டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் இருக்கிறார்கள். கோயிலில் தேவாரம் பாடுவார்கள், ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், ஆனால் பெரும்பாலோருக்கு வீட்டு மொழி ஆங்கிலம். வீட்டு மொழியை யாரும் விதி பார்த்துப் பேசுவதில்லை. ஆகவே 'அது அப்படித்தான் சொல்வோம், அக்கா' என்பதைத் தாண்டி அவர்களிடமிருந்து விளக்கம் கிடைப்பது கஷ்டம். புதிதாக வந்தவர்களுக்கு யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அகராதியைத் திறந்தால் 'ஜஸ்ட்' என்பதற்கு நியாயமான, சரியாக, மட்டும், வெறும், இப்போதுதான், மயிரிழையில், சும்மா என்று ஒரு பட்டியல் வரும். பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. இத்தனை பொருளும் ஒரே வேரிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளைத்தவை. அந்த வரிசை புரிந்துவிட்டால் புதிய வாக்கியத்தைப் பார்த்தாலும் ஊகிக்க முடியும்.

லத்தீனில் 'யூஸ்' என்றால் உரிமை, சட்டம். அதிலிருந்து வந்த 'யூஸ்டுஸ்' என்றால் நியாயமானது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முதல் பொருள் நியாயம். நியாயமானது எது? கூடாமல் குறையாமல் இருப்பது. அங்கிருந்து 'மிகச் சரியாக, அதே அளவில்' என்ற பொருள் பிறந்தது. சரியாக அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை என்றால் 'மட்டும்', 'வெறும்'. எல்லையைச் சரியாகத் தொட்டு நின்றால் 'மயிரிழையில்'. நம் ஜஸ்ட் பாஸ் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நேரத்தில் இந்தக் கணத்தை ஒட்டினாற்போல் இருந்தால் 'இப்போதுதான்'. நமக்கு இது அந்நியமான போக்கு இல்லை. 'சரி' என்ற நம் சொல்லைப் பாருங்கள். 'அவர் செய்தது சரி' என்னும்போது அது நியாயம். 'சரியாப் பத்து மணிக்கு வந்தார்' என்னும்போது அது துல்லியம். ஜஸ்ட்டும் அதே பாதையில் போய், இன்னும் நாலடி அதிகமாக நடந்திருக்கிறது. மொரீஷியஸ், ரீயூனியன் தமிழர்கள் பிரெஞ்சில் புழங்கும் 'ஜ்யூஸ்ட்' என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பு. அங்கேயும் நியாயம், துல்லியம், மட்டும் என்று மூன்றுக்கும் அது ஒன்றே.

இப்போது அன்றாடப் பேச்சுக்கு வருவோம். தமிழர்கள் பேசும் ஆங்கிலத்தை உடனே அடையாளம் காட்டிவிடும் ஒரு வாக்கியம் உண்டு: 'ஐ நவ் ஒன்லி கேம்.' 'இப்பத்தான் வந்தேன்' என்பதை மனசில் வைத்து, இப்ப என்பதற்கு நவ், தான் என்பதற்கு ஒன்லி என்று அடுக்கியது. கேட்பவருக்குப் புரியும், ஆனாலும் புருவம் உயரும். இந்த இடத்தில் இப்பத்தான் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு ஜஸ்ட் போதும்: 'ஐ ஹாவ் ஜஸ்ட் கம்.' அமெரிக்கர்கள் 'ஐ ஜஸ்ட் கேம்' என்பார்கள். தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் பிரிட்டிஷ் முறைதான், அதனால் 'ஹாவ்' சேர்த்து எழுதப் பழகுவது நல்லது. பேச்சில் இரண்டும் செல்லும். சாப்பிடக் கூப்பிட்டால் 'ஐ'வ் ஜஸ்ட் ஈட்டன்', இப்பத்தான் சாப்பிட்டேன்.

இதைப் பிடித்துக்கொண்டு எல்லாத் 'தானு'க்கும் ஜஸ்ட் போட்டுவிடக் கூடாது. 'அவர்தான் சொன்னார்' என்பதில் உள்ள தான் ஆளைச் சுட்டிக் காட்டுவது. அங்கே ஜஸ்ட் வராது, 'ஹி வாஸ் த ஒன் ஹூ செட் இட்' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். 'அதைத்தான் நானும் நினைத்தேன்' என்பதில் மட்டும் ஜஸ்ட் அழகாகப் பொருந்தும்: 'தட்'ஸ் ஜஸ்ட் வாட் ஐ தாட்.' இங்கே அது 'மிகச் சரியாக அதே' என்ற பழைய துல்லியப் பொருளில் நிற்கிறது.

இடம், அளவு, நேரம் சொல்லும் சொற்களுக்கு முன்னால் வந்தால் ஜஸ்ட் என்பது 'ஒட்டினாற்போல்' என்று அர்த்தம். டர்பனில் மினிபஸ் டாக்ஸியில் போகிறவர்களுக்கு இது தினமும் வேண்டும். இந்த நாட்டில் டிராஃபிக் சிக்னலுக்கு ரோபோட் என்று பெயர். 'ஜஸ்ட் ஆஃப்டர் த ரோபோட்' என்றால் சிக்னலைத் தாண்டினவுடனே, 'ஜஸ்ட் பிஃபோர்' என்றால் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே. ஜஸ்ட் இல்லாமல் வெறுமனே 'ஆஃப்டர் த ரோபோட்' என்றால் டிரைவர் தனக்குச் சௌகரியமான இடத்தில்தான் நிறுத்துவார். இதே கணக்கில் 'ஜஸ்ட் அண்டர் ஹண்ட்ரட் ராண்ட்' என்றால் நூறு ராண்டுக்கு ஒன்றிரண்டு குறைவு, 'ஜஸ்ட் ஓவர்' என்றால் ஒன்றிரண்டு கூட.

கடையில் நின்று 'ஜஸ்ட் எ குவார்ட்டர் பீன்ஸ்' என்றால், பீன்ஸ் கறி போட்ட கால் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பிய டர்பன் சாப்பாடு) மட்டும் போதும், வேறொன்றும் வேண்டாம். துணிக்கடையில் விற்பனைப் பெண் உதவ வந்தால் 'ஜஸ்ட் லுக்கிங், தேங்க்ஸ்' என்று சொல்லலாம். சும்மா பார்க்கிறேன் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது. தமிழில் சும்மா வரும் பல இடங்களில் ஜஸ்ட் வரும். 'ஏன் சிரிக்கிறே?' 'சும்மாதான்.' அங்கே மட்டும் ஜஸ்ட் தனியாக நிற்காது, 'ஜஸ்ட் லைக் தட்' என்றோ 'நோ ரீசன்' என்றோ சொல்ல வேண்டும்.

சரி, பிளம்பர் விஷயத்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் வாழ வேண்டுமானால் ஜஸ்ட் பற்றித் தெரிந்தே ஆக வேண்டிய முதல் சங்கதி இதுதான். லண்டனிலோ சென்னையிலோ 'ஐ'ல் டூ இட் ஜஸ்ட் நவ்' என்று ஒருவர் சொன்னால், இதோ இப்பவே என்று எடுத்துக்கொள்வோம். டர்பனில் அதற்கு அர்த்தம் 'அப்புறம்'. அரை மணி நேரமாகலாம், மூன்று மணி நேரமாகலாம், சில சமயம் நாளைக்குக்கூட நழுவும். இன்னொன்று 'நவ் நவ்'. இரண்டு நவ் இருப்பதால் இரட்டை அவசரம் என்று நினைக்க வேண்டாம், அது 'கொஞ்ச நேரத்தில்'. பொதுவாக ஜஸ்ட் நவ்வை விட நவ் நவ் சீக்கிரம் வரும். உண்மையாகவே இந்த நிமிஷமே வேண்டுமென்றால் 'ரைட் நவ்' என்றுதான் சொல்ல வேண்டும். கீசர் வெடித்துச் சுவரெல்லாம் தண்ணீர் ஓடும்போது இந்த வேறுபாடு தெரியாமல் போனால் வீடு தாங்காது.

இது யாரோ சோம்பலால் கெடுத்துவைத்த ஆங்கிலம் என்று நம்மில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. இங்கே ஆங்கிலத்தோடு பல தலைமுறைகளாக ஒட்டி வாழும் மொழி ஆஃப்ரிக்கான்ஸ். அதில் 'நெட்நவ்' என்று ஒரு சொல் உண்டு. நெட் என்றால் ஜஸ்ட். அந்த நெட்நவ் சற்று முன்பு நடந்ததையும் குறிக்கும், இனி சற்று நேரத்தில் நடக்கப்போவதையும் குறிக்கும். நவ் நவ்வுக்கும் அங்கே 'நவ்-நவ்' என்றே ஓர் இணை இருக்கிறது. அக்கம்பக்கத்து மொழியின் வழக்கு ஆங்கிலத்துக்குள் வந்து குடியேறியிருக்கிறது, அவ்வளவே. வெள்ளையர், ஜூலு மக்கள், இந்தியர் என்று வித்தியாசமில்லாமல் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

காலத்தை வைத்துப் பொருளைப் பிரித்துவிடலாம். வினை இறந்த காலத்தில் இருந்தால் ஜஸ்ட் நவ் என்பது சற்று முன்: 'ஹி லெஃப்ட் ஜஸ்ட் நவ்', இப்பத்தான் கிளம்பினார். வினை எதிர்காலத்தில் இருந்தால் அது அப்புறம்: 'ஹி'ல் கம் ஜஸ்ட் நவ்', பிறகு வருவார். நம் இப்ப என்ற சொல்லும் இதையேதான் செய்கிறது என்பதைக் கவனியுங்கள். 'இப்பத்தான் போனார்', 'இப்ப வந்துடுவார்' என்று இரண்டு பக்கமும் அது நீளும். இன்னும் குளிக்கவே போகாத மனிதர் போனில் 'இதோ வந்துட்டேன்' என்று இறந்த காலத்திலேயே சொல்வதை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதை யாரும் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. பிளம்பரின் ஜஸ்ட் நவ்வையும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டு, 'வாட் டைம்?' என்று மணியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இங்கே அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

நியாயம் என்ற மூலப்பொருள் இன்று பேச்சில் அருகிவிட்டது, ஆனால் சட்டத்திலும் செய்தியிலும் முழு வலுவோடு இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, 'எ' என்ற குட்டிச் சொல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான். 'எ ஜஸ்ட் ஜட்ஜ்' என்றால் நியாயமான நீதிபதி. 'ஜஸ்ட் எ ஜட்ஜ்' என்றால் வெறும் நீதிபதி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. எ முன்னால் வந்தால் புகழ்ச்சி, பின்னால் போனால் இறக்கம். எதிர்ப்பதம் உண்டாவதும் நியாயப் பொருளுக்கு மட்டும்தான்: 'அன்ஜஸ்ட்' என்றால் அநியாயமான. 'அன்ஜஸ்ட் நவ்' என்று ஒன்று கிடையாது. ஜஸ்டிஸ், ஜஸ்டிஃபை எல்லாம் இந்தக் கிளையைச் சேர்ந்தவை. சென்னையில் 1916இல் தொடங்கிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அது நடத்திய 'ஜஸ்டிஸ்' என்ற ஆங்கிலப் பத்திரிகையின் பெயரால் ஜஸ்டிஸ் கட்சி ஆகி, தமிழில் நீதிக்கட்சி ஆனது.

'அன்ஜஸ்ட் லா', அதாவது அநியாயச் சட்டம், என்பதற்கு இந்த மண்ணில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் இந்த நாட்டுச் சட்டத்தின்முன் செல்லாது என்று ஆகிவிட்டது. நம் பெண்களின் தாலிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அந்த ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் இறந்தவர் தில்லையாடி வள்ளியம்மை. பதினாறு வயது. ஜஸ்ட் என்ற சொல்லின் முதல் பொருளை யாருக்காவது கற்றுத்தரும்போது அவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தில் 33ஆம் பிரிவின் தலைப்பு 'ஜஸ்ட் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஆக்‌ஷன்'. 'வெறும் நிர்வாக நடவடிக்கை' என்று படித்தால் தலைகீழாகிவிடும். நியாயமான நிர்வாக நடவடிக்கை என்பதுதான் பொருள். அரசு எடுக்கும் முடிவு சட்டப்படியும் நியாயமாகவும், முறையான வழியிலும் இருக்க வேண்டும். அதனால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணங்களை எழுத்தில் பெற உரிமை உண்டு என்கிறது அந்தப் பிரிவு. விசாவோ அனுமதியோ மறுக்கப்பட்ட தமிழர்கள் பலர், கவுன்டரில் வாயால் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 'எவ்ரிவன்' என்றுதான் அந்தப் பிரிவு தொடங்குகிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. எழுத்தில் காரணம் கேளுங்கள்.

'ஜஸ்ட் எனர்ஜி டிரான்சிஷன்' என்பதும் இதே கிளைதான். 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின்போது பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை சேர்ந்து தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. நிலக்கரியிலிருந்து வேறு மின்சாரத்துக்கு மாறுவதற்கான பணம் அது, பெரும்பகுதி கடனாக. அந்த மாற்றத்தில் ம்புமலங்கா மாகாணத்துச் சுரங்கத் தொழிலாளிகளும் மின்நிலையத் தொழிலாளிகளும் நடுத்தெருவில் நிற்கக் கூடாது, இழப்பை ஏழைகள் மட்டுமே சுமக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் பெயரிலேயே ஜஸ்ட் சேர்த்திருக்கிறார்கள். 2022 அக்டோபரில் கோமாட்டி அனல்மின் நிலையம் மூடப்பட்டபோது, இது உண்மையில் ஜஸ்ட் தானா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. வெறும் மாற்றமா, நியாயமான மாற்றமா என்று இரண்டு பொருளும் மோதும் இடம் அது.

டர்பன்காரர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொன்று 'ஜஸ்ட் இன் டைம்'. பேச்சில் இதற்குக் கடைசி நிமிஷத்தில், நல்லவேளையாக என்று பொருள். தொழிற்சாலைகளில் அது ஓர் உற்பத்தி முறையின் பெயர். உதிரிபாகங்களைக் கிடங்கில் குவித்து வைக்காமல், வேண்டிய பொருளை வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு மட்டும் வரவழைப்பது. ஜப்பானில் டொயோட்டா வளர்த்தெடுத்த முறை இது, அதே டொயோட்டாவின் பெரிய ஆலை டர்பனில் இசிப்பிங்கோவை ஒட்டி ப்ராஸ்பெக்டனில் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சொற்றொடர் தண்ணீர்பட்ட பாடு. அதில் உள்ள ஜஸ்ட் 'மிகச் சரியாக' என்ற பொருளில் வருகிறது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஜஸ்ட் நவ்வும் ஜஸ்ட் இன் டைமும் ஒரே ஊரில் அடுத்தடுத்துப் புழங்குவது மொழி எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதற்குச் சாட்சி.

அடுத்தது எதிர்மறை. 'நாட்' முன்னால் வந்தால் ஒன்று, ஜஸ்ட் முன்னால் வந்தால் வேறொன்று. 'ஷி இஸ் நாட் ஜஸ்ட் எ சிங்கர்' என்றால் அவர் பாடகி மட்டுமல்ல, இன்னும் என்னவோவும்கூட. 'ஷி இஸ் ஜஸ்ட் நாட் எ சிங்கர்' என்றால் அவருக்குப் பாட்டே வராது. கோயில் விழாவில் ஒருவரை அறிமுகம் செய்யும்போது இந்த இரண்டு சொற்களும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்விகளில் ஜஸ்ட் பணிவைக் கொண்டுவரும். 'கேன் ஐ ஜஸ்ட் ஆஸ்க்?' என்றால் ஒரு சின்ன விஷயம் கேட்கலாமா என்று பொருள். 'ஜஸ்ட் எ மினிட்' என்றால் ஒரு நிமிஷம், பொறுங்க. கட்டளையிலும் அது குரலைப் பொறுத்து மாறும். மெதுவாகச் சொல்லும் 'ஜஸ்ட் ட்ரை' என்பது முயன்றுதான் பாருங்களேன் என்ற ஊக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு 'யூ ஜஸ்ட் ட்ரை!' என்றால் செய்துதான் பாரேன், அப்புறம் தெரியும் என்ற மிரட்டல்.

பணிவுக்கு வரும் ஜஸ்ட்டை நம் ஆட்கள், குறிப்பாகப் பெண்கள், அளவுக்கு மீறிப் போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். 'ஐ ஆம் ஜஸ்ட் எ ஹவுஸ்வைஃப்.' 'ஐ ஆம் ஜஸ்ட் எ குக்.' கேட்பவர் காதில் விழுவது தன்னடக்கம் இல்லை, 'நான் வெறும் சமையல்காரி' என்ற இறக்கம்தான். தமிழில் அடக்கத்தைக் காட்ட நமக்கு வேறு வழிகள் உண்டு, ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ஜஸ்ட் ஆளையே சிறுக்க வைத்துவிடும். ஜஸ்ட்டை எடுத்துவிட்டு 'ஐ ஆம் எ குக்' என்று நிமிர்ந்து சொல்லுங்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும் 'ஐ ஆம் ஜஸ்ட் ரைட்டிங் டு ஆஸ்க்' என்று தொடங்க வேண்டாம், 'ஐ ஆம் ரைட்டிங் டு ஆஸ்க்' போதும்.

மிச்சமிருக்கும் சில தொடர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 'ஜஸ்ட் அபவுட்' என்றால் ஏறக்குறைய: 'ஐ'ம் ஜஸ்ட் அபவுட் டன்', கிட்டத்தட்ட முடித்துவிட்டேன். 'ஜஸ்ட் அபவுட் டு' என்று ஒரு 'டு' சேர்ந்தால் செய்யப் போகும் தறுவாய்: 'ஐ வாஸ் ஜஸ்ட் அபவுட் டு கால் யூ', உங்களைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். 'ஜஸ்ட் அஸ் வெல்' என்றால் நல்லதாப் போச்சு. 'ஜஸ்ட் பிகாஸ்' என்றால் அந்த ஒரே காரணத்துக்காக; குழந்தை ஏன் ஏன் என்று கேட்டுத் துளைக்கும்போது இங்குள்ள அம்மாக்கள் 'ஜஸ்ட் பிகாஸ்!' என்று அத்தோடு நிறுத்திவிடுவார்கள். 'ஜஸ்ட் இன் கேஸ்' என்றால் எதற்கும் இருக்கட்டும் என்று. எப்போது மின்சாரம் நிற்கும் என்று சொல்ல முடியாத நாட்களைப் பார்த்துவிட்ட இந்த ஊரில், ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு டார்ச் லைட் தொங்குவது ஜஸ்ட் இன் கேஸ்.